ஒரு கார்டு குறைவு

முப்பத்தொரு பேருடைய பணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு மணி நேரத்துக்குள் காணாமல் போனது. முப்பத்திரண்டாவது ஆளுடையது மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அந்த முப்பத்திரண்டாவது ஆள் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அவர் பெயர் வெள்ளைச்சாமி. ஹட் பே கப்பல் ஜெட்டியிலிருந்து தீவுக்குள் போகும் சாலையில், பதினோராவது கிலோமீட்டர் லைன் வீடுகளில் கடைசி வீடு அவருடையது. இப்போது அதில் அவர் மனைவி ஜெயராணி தனியாக இருக்கிறாள். மகள் கார்த்திகா போர்ட் பிளேரில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அங்கே டாலிகஞ்சில் வாடகை அறை. செமஸ்டர் லீவுக்கு அவள் ஊருக்கு வந்திருந்த நேரம் பார்த்து இது நடந்தது. ‘நேரம் பார்த்து’ என்று சொன்னது ஜெயராணி அல்ல, லைன் ஜனம்.

கூடை என்று அதற்குப் பெயர் வைத்தவன் ரவிக்குமார். ஜெட்டி ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு லைனுக்கு வந்து, போனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு விளக்கினான்.

“நாம போடற பணத்துக்கு இது தானா ஏழு விதமான கிரிப்டோ காசு வாங்கி ஒரு கூடையில வெச்சுக்கும். ஒண்ணு ஏறினா கொஞ்சம் விக்கும், ஒண்ணு எறங்கினா கொஞ்சம் வாங்கும். எல்லாம் ஸ்மார்ட் கான்ட்ராக்ட். எழுதி வெச்ச நிபந்தனைப்படி கம்ப்யூட்டரே செஞ்சுக்கும். நடுவுல மனுஷனே கிடையாது. ஆபீசர் இல்ல, கிளார்க் இல்ல, ‘கல் ஆனா’ன்னு சொல்ல ஒருத்தன் இல்ல.”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் லைன் விழுந்தது. சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு வேலை கொடுத்த எண்ணெய்ப்பனைத் தோட்டம் மூடியபிறகு ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒவ்வொரு ஜன்னலில் நின்று, ‘கல் ஆனா, நாளைக்கு வா’ என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர்கள். மனுஷனே இல்லாத ஆபீஸ் என்றதும் அவர்களுக்குச் சொர்க்கம் மாதிரி இருந்தது.

கூடையைத் திறக்கும் சாவி பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள். பன்னிரண்டும் வரிசை தப்பாமல் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் முதலாளி. கையெழுத்து வேண்டாம், போட்டோ வேண்டாம். இதை எழுதி வைத்துக்கொள், யாரிடமும் காட்டாதே என்று போன் சொன்னது. முப்பத்திரண்டு பேரும் எழுதினார்கள். எழுதிய கையோடு ரவிக்குமாரிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஹட் பேயில் கப்பல் டிக்கெட் எப்படி எடுப்பார்கள் என்று தெரியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படும். பதினோரு கிலோமீட்டர் தாண்டி ஒவ்வொருத்தரும் விடியுமுன் போய் கவுன்டரில் நிற்க முடியாது. யாராவது ஒருத்தர் எல்லோருடைய ஐலண்டர் கார்டையும் வாங்கிக்கொண்டு போய் நிற்பார். அந்தக் கார்டு இருந்தால்தான் தீவுக்காரர்களுக்கான சலுகை விலை. பத்து வருஷமாக அந்த ஒருத்தர் ரவிக்குமார்தான். கார்டுகளை அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, ஒரு பிஸ்கெட் டின்னில் வைப்பான். இத்தனை பேருக்கு ஒரே ஆள் எப்படி டிக்கெட் வாங்குகிறான் என்று யாரும் கேட்டதில்லை. ஒரு கார்டுகூடத் தொலைந்ததில்லை. உயிருக்குச் சமமான கார்டையே கொடுத்தாகிவிட்டது, பன்னிரண்டு வார்த்தையில் என்ன இருக்கிறது? தாள்களும் அதே டின்னுக்குள் போயின. போனில் எது செய்ய வேண்டுமானாலும் ரவிக்குமாரே தாளைப் பார்த்துச் செய்துகொடுப்பான்.

வெள்ளைச்சாமி மட்டும் ரவிக்குமாரிடம் எல்லாக் கார்டையும் சேர்த்துக் கொடுத்ததே இல்லை. வீட்டில் மூன்று பேர் போக வேண்டும் என்றால் டின்னுக்கு இரண்டு கார்டுதான் போகும். மூன்றாவது ஆள் அடுத்த கப்பலில். யாராவது கேட்டால், “டிக்கெட் கிடைக்கல” என்று சொல்லிவிடுவார். உண்மைக் காரணம் ஜெயராணிக்குத் தெரியும். கார்டை எண்ணி வாங்குகிற ரவிக்குமாருக்குத் தெரியும். லைனில் வேறு யாருக்கும் தெரியாது.

காரணம் 2004 டிசம்பர். அவருடைய அண்ணன் குடும்பம் அப்போது கடலோரத்தில் குடியிருந்தது. டிசம்பர் லீவு என்று ஐந்து வயது அஸ்வின் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தான். அஸ்வின் இவர்களுடைய மூத்த பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை காலை கடல் வந்து எல்லோரையும் சேர்த்துக் கொண்டுபோனது. அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், அஸ்வின். ஒருத்தர் மிஞ்சவில்லை. பெயர் எழுத வந்த ஆபீசர்கள், அண்ணனுடைய சின்ன மகளின் முழுப்பெயர் என்ன என்று கேட்டார்கள். வெள்ளைச்சாமிக்கு பாப்பா என்றுதான் தெரியும். பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் கொடுத்தார்கள் என்று சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. லிஸ்டில் பாப்பா என்றே எழுதிக்கொண்டு போனார்கள். கார்த்திகாவை வயிற்றில் வைத்துக்கொண்டு ஜெயராணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம். “ஒருத்தர் கரையில நிக்கணும்” என்பார். அவ்வளவுதான் சொல்வார். பாப்பாவைப் பற்றிப் பேசமாட்டார்.

கூடைச் சாவியிலும் அவர் அதையே செய்தார். டின்னுக்குப் போன தாளில் பதினோரு வார்த்தைகள் சரி. நடுவில் ஒன்று மட்டும் அவராகப் போட்டது. சரியான வார்த்தையை, மீன் கழுவிக்கொண்டிருந்த ஜெயராணியிடம் வந்து சொன்னார்.

“இதை மனசுல வெச்சுக்க.”

“என்னா இது?”

“ஒரு வார்த்தை.”

“என்னா அர்த்தம்?”

“அர்த்தம் நமக்கு எதுக்கு? மறக்காம இருந்தா சரி.”

ஒரு வாரம் தினமும் சாப்பிடுமுன் அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு விட்டுவிட்டார். ரவிக்குமார் ஏதாவது மாற்ற வேண்டும் என்று கேட்டால், “என் கூடை கெடக்கிற மாதிரியே கெடக்கட்டும்” என்று சொல்லித் தட்டிக் கழித்தார். ஆகஸ்டில் நெஞ்சுவலி வந்தது. காற்றும் மழையும் அடித்த அந்த இரண்டு நாளில் ஹெலிகாப்டரும் வரவில்லை, கப்பலும் போகவில்லை. மூன்றாம் நாள் காலை போய்ச் சேர்ந்தார். அந்த வார்த்தை என்னவென்று இங்கே எழுதத் தேவையில்லை.

பணம் போன அன்று மத்தியானம் ரவிக்குமார் கடையில் ஏகக் கூட்டம். பேச்சியம்மா தன் போனைக் கார்த்திகாவிடம் நீட்டினாள். லைனின் முதல் வீட்டுக்காரி, தொண்டைக்கு ஸ்பீக்கர் வேண்டாதவள்.

“அடியே கார்த்தி, நீ படிச்ச புள்ள. என் கூடையில எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லு. இவன் சைபர் காட்டுறான்.”

கார்த்திகா பார்த்தாள். சைபர். அடுத்தவருடையதும் சைபர். கூடையில் இருப்பதை யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், எடுக்கத்தான் சாவி வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் தன் அப்பாவுடையது. சின்னப் பெண், சந்தோஷத்தை அடக்கத் தெரியவில்லை.

“அப்பாவோடது அப்படியே இருக்கு!”

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. ஜெராக்ஸ் மெஷின் மட்டும் தன் பாட்டுக்கு ஒரு தாளைத் துப்பியது.

அன்று சாயந்திரம் குழாயடியில் ஜெயராணி குடத்தை வைத்ததும் முன்னால் நின்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். பேச்சியம்மா நிறுத்தவில்லை.

“ஏன்டி ஜெயா, மேல போன மனுஷன் அங்கேருந்து கூடைக்குக் காவல் காக்குறாரோ?”

“என்னக்கா இப்படிப் பேசுறீங்க?”

“நான் என்னா பேசினேன்? உசுரோட இருக்கிறவங்களுது எல்லாம் போச்சு. செத்தவருது மட்டும் இருக்கு. என் மகன் மெயின்லேண்டுல கல்லு சுமந்து அனுப்பின காசுடி அது. எனக்குக் கேக்க உரிமை இல்லையா?”

ஜெயராணி பாதிக் குடத்தோடு திரும்பிவிட்டாள். ரவிக்குமாரோ யார் பெயரையும் சொல்லவில்லை. அவன் சொன்னது இவ்வளவுதான்: “நான் யாரையும் கைகாட்டலப்பா. ஆனா கம்ப்யூட்டர் படிச்ச புள்ள நம்ம லைன்ல ஒண்ணுதான்.” இதை அவன் பத்துப் பேரிடம் பத்து விதமாகச் சொன்னான். ராத்திரிக்குள் அது ஜெயராணி வீட்டு வாசல் வரை வந்துவிட்டது.

வாசலோடு நிற்கவில்லை, உள்ளேயும் வந்தது. அதைத்தான் ஜெயராணி பிற்பாடு நினைத்து நினைத்து வெட்கப்பட்டாள். கார்த்திகாவுக்குப் புது செருப்பு எப்போது வந்தது? டாலிகஞ்ச் அறை வாடகைக்கு இந்த மாதம் ஏன் கேட்கவில்லை? கூடைக்கணக்கை அத்தனை வேகமாகப் பார்க்க எங்கே கற்றாள்? தோசைக்கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டுவிட்டாள்.

“நீ எடுத்தியாடி?”

தோசை கருகும் வாசனை வந்தபோது திரும்பிப் பார்த்தாள். கார்த்திகா தட்டை நகர்த்திவிட்டுப் பின்கட்டுக்குப் போயிருந்தாள்.

மறுநாள் முழுக்க மகள் அடுப்படிப் பக்கம் வரவில்லை. சாயந்திரம் வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

“செருப்பு டியூஷன் எடுத்த காசு. வாடகையும் அதான். இப்ப ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. அப்பாவோடது மட்டும் ஏன் தப்பிச்சுது? நேத்துலேருந்து யோசிச்சுக்கிட்டு இருக்கேன். திருடினவன் இரக்கப்பட்டு விட்டிருக்கமாட்டான்.”

ஜெயராணி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். ஒரு வார்த்தை தன்னிடம் இருக்கிறது, டின்னில் உள்ள தாளில் அந்த இடத்தில் வேறு வார்த்தை இருக்கிறது என்று சொன்னாள்.

கார்த்திகா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா! அப்ப எடுத்தவன் அந்தத் தாள்களைப் பாத்துத்தான் எடுத்திருக்கான். சரியான தாள் முப்பத்தொண்ணும் திறந்துச்சு. அப்பாவோட தாள் திறக்கல. போனை யாரும் உடைக்கல. கான்ட்ராக்டுலயும் ஓட்டை இல்ல. ஓட்டை ரவி சித்தப்பா டின்லதான்.”

“ரவியா எடுத்தான்?”

“அது தெரியாது. ஆனா தாள் அவர்கிட்டேருந்துதான் வெளிய போயிருக்கு.”

“வா, போய்ச் சொல்லுவோம்” என்று எழுந்த ஜெயராணி வாசல்படி தாண்டுமுன் நின்றாள். யார் நம்புவார்கள்? அவர் ஒரு வார்த்தையை மறைத்துவைத்தார், அது அவர் பழக்கம் என்று பெண்டாட்டி சொன்னால், பிள்ளையைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாள் என்பார்கள். முன்கூட்டியே தெரிந்துதான் மறைத்தார் என்றும் சொல்வார்கள்.

இருந்தாலும் ராஜமாணிக்கம் சார் வீட்டுக்குப் போனாள். தமிழ்நாட்டிலிருந்து கவர்மென்ட் வேலைக்கு வந்து, ரிட்டயர் ஆகி, ஹட் பேயிலேயே தங்கிவிட்டவர். லைனுக்கு மனு எழுதுவதெல்லாம் அவர்தான். கூடையில் அவருடையதும் போயிருந்தது. மேஜைமேல் போர்ட் பிளேர் சைபர் போலீசுக்கான மனு தயாராக இருந்தது. ஜெயராணிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். மூன்றாவது வரியில் மகள் பெயர். ‘சந்தேகத்துக்குரிய நபர்: வெ. கார்த்திகா, கல்லூரி மாணவி.’

“சார், இந்தப் பேரு ஒரு தடவை போலீஸ்ல ஏறிட்டா காலேஜ்ல வெச்சுக்குவாங்களா?”

“எனக்கும் பொண்ணு இருக்கும்மா. எழுதும்போது கை வரலதான். ஆனா முப்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

அவள் டின் விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, முழுக்கக் கேட்டார்.

“நீங்க சொல்றது பொருந்துது. இல்லைன்னு சொல்லல. ஆனா இறந்தவருக்கு இப்படி ஒரு பழக்கம் இருந்ததுன்னு அவர் சம்சாரமே சாட்சி சொன்னா எடுபடாது. வெளி ஆள் யாராவது சொல்லணும்.”

“ஒரே ஆளுக்குத்தான் சார் தெரியும்.”

“யாரு?”

“ரவிக்குமார்.”

ராஜமாணிக்கம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “அவன் ஏம்மா சொல்லப்போறான்?”

அதுதான் கேள்வி. வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் ஜெயராணி அதையே யோசித்தாள். கேட்டால் சொல்லமாட்டான். கெஞ்சினாலும் சொல்லமாட்டான். அந்தப் பழக்கம் தன்னைக் கழுத்தில் பிடிக்கும் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால் அவன் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு. மனுவோடு ஒன்பது பேர் போகிற கப்பல் புதன்கிழமை. செவ்வாய் மத்தியானம் எல்லோரும் ரவிக்குமார் கடையில் கார்டு கொடுப்பார்கள்.

செவ்வாய் மத்தியானம் அவளும் போனாள், கார்த்திகாவையும் கூட்டிக்கொண்டு. கூட்டம் வழி விட்டது; மரியாதைக்கு விட்ட வழி இல்லை. ராஜமாணிக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மனுவில் விலாசங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“உங்களுக்கும் டிக்கெட்டா மதினி?” என்றான் ரவிக்குமார். அவன் கண் கார்த்திகாமேல் போய்த் திரும்பியது.

“ஆமா தம்பி. போலீஸ் தேடி வந்து கூப்பிடற வரைக்கும் எதுக்கு இருக்கணும்? நாங்களே போறோம். ரெண்டு பேரும்தான்.”

அவள் பர்ஸைத் திறந்தாள். இரண்டு கார்டு எடுத்தாள். ஒன்றை மறுபடி உள்ளே போட்டு ஜிப்பை இழுத்தாள். மற்றதை மேஜைமேல் வைத்தாள். ரவிக்குமார் அதை வாங்கி, கட்டோடு சேர்த்து, கட்டைவிரலால் சீட்டுக்கட்டு மாதிரித் தள்ளித் தள்ளி எண்ணினான். பத்து வருஷம் எண்ணிய விரல்.

“ரெண்டு பேருன்னீங்க. ஒண்ணுதானே இருக்கு?”

“ஒண்ணுதான் குடுத்தேன்.”

“அப்ப இன்னொருத்தர்?”

“அடுத்த கப்பல்ல.”

ரவிக்குமார் சிரித்துவிட்டான். பழகிய சிரிப்பு, யோசிக்காமல் வந்தது.

“அரே, அண்ணன் போயும் இந்த ஒண்ணு குறைக்கிற சக்கர் போகலியா? பத்து வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் மூணு கார்டையும் சேத்துக் குடுத்திருப்பாரா? எப்பப் பாரு ஒண்ணு குறையும். கேட்டா, ‘ஒருத்தர் கரையில நிக்கணும்டா’ம்பாரு. நானும் சொல்லிச் சொல்லி விட்டுட்டேன்…”

ராஜமாணிக்கத்தின் பேனா நின்றது. “இன்னொரு தடவை சொல்லு, ரவி.”

“என்ன சார்?”

“வெள்ளைச்சாமி உன்கிட்ட எதையும் முழுசாக் குடுத்ததில்லைன்னு சொன்னியே, அதை.”

சிரிப்பு ரவிக்குமாரின் வாயில் இருந்தது, கண்ணிலிருந்து போய்விட்டது. ஜெயராணி மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, அந்த டின்னை எடு. உங்க அண்ணன் தாளை வெளிய எடு. அதுலயும் ஒண்ணு குறையும்.”

அவன் எடுக்கவில்லை. பேச்சியம்மாதான் மேஜையைச் சுற்றிப் போய், குனிந்து, டின்னை எடுத்து நடுவில் வைத்தாள். தாள்கள் எல்லாம் கார்டு ஜெராக்ஸின் பின்பக்கம் எழுதியவை. வெள்ளைச்சாமியின் எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது மாதிரி. ராஜமாணிக்கம் பன்னிரண்டையும் நிதானமாகத் தன் போனில் அடித்தார். சிவப்பாக ஒரு வரி வந்தது. தவறான சாவி.

“நீங்க தப்பா அடிச்சிருப்பீங்க சார்” என்றான் ரவிக்குமார்.

“சரி, பேச்சியம்மா தாளைக் குடு.”

அதை அடித்தார். உடனே திறந்தது. உள்ளே சைபர்.

பேச்சியம்மா போனை எட்டிப் பார்த்தாள். “என் வீடு தொறக்குது. உள்ள துடைச்சு வெச்சிருக்கு. இவ வீடு தொறக்கவே மாட்டேங்குது.” பிறகு ரவிக்குமார் பக்கம் திரும்பினாள். “இந்தத் தாளெல்லாம் உன் டின்னை விட்டு எங்கடா போச்சு?”

யாரும் கத்தவில்லை. அதுதான் ரவிக்குமாருக்குத் தாங்கவில்லை என்று ஜெயராணிக்குத் தோன்றியது. அவன் ஜெராக்ஸ் மெஷினின் சுவிட்சை அணைத்தான், எதற்கென்று அவனுக்கே தெரியாமல்.

“கூடை ஆப்பைப் புதுசா மாத்தணும்னு போன்ல மெசேஜ் வந்துச்சு. முப்பத்திரண்டு பேருக்கு ஒவ்வொண்ணா நான் எப்படிப் பண்றது? சப்போர்ட்னு ஒரு ஆளு பேசினான். நல்லா மரியாதையா, அழகா தமிழ் பேசினான்க்கா. எல்லாத் தாளையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, ஒரே தடவையில நாங்க மாத்திக் குடுத்துடறோம்னான். டிக்கெட்டுக்கு கார்டு குடுக்கிற மாதிரின்னு நெனச்சு அனுப்பிட்டேன். மூணு வாரம் ஒண்ணும் ஆகல. அப்புறம்…”

“உன்னோடதும் போச்சா?”

“முதல்ல என்னோடதுதான்க்கா போச்சு. அதை யார்கிட்டயும் சொல்லல.”

“அதை மூடிக்கிட்டு அந்தப் புள்ளையைக் காட்டிக் குடுத்தியா?” என்றாள் பேச்சியம்மா. “தகப்பன் இல்லாத புள்ளைடா.”

கார்த்திகா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவன் அவன்.

ராஜமாணிக்கம் மூன்றாவது வரியைக் குறுக்கே அடித்தார். ஒரு தடவை அடித்தது போதாது என்று மேலே இன்னொரு கோடு. ஓரத்தில் ரவிக்குமாரை உட்காரவைத்து, போட்டோ அனுப்பிய தேதியையும் அந்த நம்பரையும் அவன் கையாலேயே எழுதவைத்தார். பிறகு ஜெயராணி பக்கம் திரும்பினார்.

“அம்மா, வெள்ளைச்சாமி கூடையை இங்க வெச்சுத் திறக்காதீங்க. போர்ட் பிளேர்ல, ஆபீசர் முன்னாடி, இவங்க ஒன்பது பேரும் பாக்கத் திறங்க. இல்லைன்னா நாளைக்கு இன்னொரு பேச்சு வரும்.”

“சரி சார்.”

அப்போதுதான் ஒருத்தர் கை நீட்டி, கட்டிலிருந்து தன் கார்டை உருவிக்கொண்டார். அடுத்து இன்னொருத்தர். ராஜமாணிக்கமும் எடுத்துக்கொண்டார். ரப்பர் பேண்டு தளர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் பேச்சியம்மா கேட்டாள்:

“எல்லாரும் எடுத்துக்கிட்டீங்க, சரி. காலையில நாலு மணிக்குக் கவுன்டர்ல யாரு நிக்கப்போறீங்க?”

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தர் கார்டை இன்னொருத்தர் கையில் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் விடியற்காலை கவுன்டரில் ரவிக்குமார்தான் நின்றான். அவன் முதுகை ஒட்டி, எல்லோருடைய கார்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு பேச்சியம்மா நின்றாள். ஜன்னலில் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொடுத்தாள் என்று பிறகு சொன்னார்கள்.

புதன்கிழமை ஜெட்டியில் காற்று அதிகம். ஒன்பது பேரும் ஏறிவிட்டார்கள். அப்பாவின் தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைக்குள் வைத்திருந்தாள் கார்த்திகா. ஜெயராணி இரண்டு நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொல்ல வாயெடுத்தாள்.

“அன்னிக்கு தோசை ஊத்தறப்ப கேட்டேனே…”

“விடும்மா.”

“விட முடியலடி. ஊரு கேட்டது வேற. நான் கேட்டிருக்கக் கூடாது.”

கார்த்திகா பையை மறுதோளுக்கு மாற்றினாள். விட்டாளா இல்லையா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. ஏணியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

“அந்த வார்த்தை என்னம்மா? எங்கிட்டயாவது சொல்லேன்.”

“சனிக்கிழமை கப்பல்ல வந்து சொல்றேன்.”

“இன்னும் என்மேல சந்தேகமா?”

“உன்மேல இல்லடி” என்றாள் ஜெயராணி. “கப்பல்மேல.”

கார்த்திகாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினாள். கயிறை அவிழ்த்தார்கள். கப்பல் ஜெட்டியை விட்டு ஒரு முழம் விலகி, இரண்டு முழம் விலகி, பிறகு சட்டென்று தூரமானது. மேல்தளத்தில் மகளின் மஞ்சள் துப்பட்டா தெரிகிற வரைக்கும் ஜெயராணி உதட்டை அசைத்து அந்த ஒரு வார்த்தையைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.